புரோஸ்டேட்டில் பூஞ்சை: எங்கே தேடுவது, எப்படித் தேடுவது?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியான புரோஸ்டேட்டில் வரும் அழற்சி பற்றிச் சென்ற இதழில் வெளியான பதில்களில், மிக அரிதாகப் பூஞ்சையும் அதற்குக் காரணமாகலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் வயது 58. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்தில் வலியும், அடிக்கடி சிறுநீர் முட்டுவதும் தொடர்வதால் 3 மாதங்களாக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு வருகிறேன், குணம் இல்லை. யூரின் கல்ச்சர் எடுத்த ஒவ்வொரு முறையும் கிருமி வளரவில்லை என்றே அறிக்கை வந்தது. அப்படியானால் இது பூஞ்சையாகத்தான் இருக்க வேண்டுமா, டாக்டர்?
— வாசகர், திருச்சி

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. உங்களுக்கு இருப்பது போன்ற தொந்தரவுகளுடன் வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புரோஸ்டேட்டில் கிருமி எதுவுமே இருப்பதில்லை. இடுப்புத் தசைகளின் இறுக்கமும் நரம்புகளின் மிகையுணர்ச்சியும் சேர்ந்து உண்டாக்கும் நாட்பட்ட இடுப்பு வலி என்றுதான் அந்நிலையை இன்று வகைப்படுத்துகிறார்கள். கிருமி இருந்து கல்ச்சரில் வளராமல் போனால், நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோயை. பூஞ்சையின் முறை அதற்குப் பிறகே வருகிறது.

இருந்தாலும் உங்கள் விஷயத்தில் ஒருமுறை தேடிப் பார்ப்பது நியாயமே. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, வாரக்கணக்கில் நீடித்த ஆன்டிபயாட்டிக், அண்மையில் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட நாள் இருந்தது, ஸ்டீராய்டு மாத்திரை, உறுப்பு மாற்று அறுவை, எச்.ஐ.வி. ஆகியவையே பூஞ்சைக்கு வழிவிடும் காரணங்கள். இவற்றில் முதல் இரண்டில் ஒன்று உங்களுக்கு உறுதியாகவே இருக்கிறது. மற்றொன்று இருக்கிறதா என்பதை மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை சொல்லிவிடும்.

வழக்கமான யூரின் கல்ச்சர் பாக்டீரியாவுக்காக வகுக்கப்பட்டது. ஆய்வகத்தில் சிறுநீரை விதைத்த தட்டை ஒரு நாள் அல்லது இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கழித்துவிடுவார்கள். கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை அதற்குள் வளர்ந்துவிடக் கூடியதுதான். ஆனால் ஓரிரு புள்ளிகளாக மட்டும் வளர்ந்திருந்தால், தோலிலிருந்து கலந்தது என்று அதை ஒதுக்கிவிடுவதே பல இடங்களில் வழக்கம். கிரிப்டோகாக்கஸ் என்னும் மற்றொரு பூஞ்சை வளரச் சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். ஹிஸ்டோபிளாஸ்மா என்னும் பூஞ்சைக்கு 4 முதல் 6 வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே 'கிருமி வளரவில்லை' என்ற அறிக்கையை, 'பாக்டீரியா வளரவில்லை. பூஞ்சையை யாரும் தேடவில்லை' என்று படித்துக்கொள்வதே சரி. பரிசோதனைச் சீட்டில் பூஞ்சை வளர்ப்பு என்று மருத்துவர் தனியாக எழுத வேண்டும்; குறைந்தது 4 வாரம் வைத்துப் பார்க்குமாறும் குறிப்பிட வேண்டும். அப்போதுதான் ஆய்வகத்தில் சாபுரோ அகார் என்னும் பூஞ்சைக்குரிய தட்டில் அதை விதைப்பார்கள்.

எந்தச் சிறுநீரை அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். புரோஸ்டேட்டுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி, சாதாரணமாகக் கழிக்கும் சிறுநீரில் எண்ணிக்கையில் மிகக் குறைவாகவே வெளிவரும். இதற்காகவே 1968-ல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நான்கு குவளைச் சோதனையை வகுத்தார்கள். இன்று அதன் சுருக்கமான இரண்டு குவளைச் சோதனையே பெரும்பாலும் நடைமுறையில் இருக்கிறது. முதலில் நடுச் சிறுநீரை ஒரு கிருமி நீக்கிய குப்பியில் பிடிக்க வேண்டும். பிறகு மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலைச் செலுத்திப் புரோஸ்டேட்டின் இருபுறத்தையும் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சுமார் ஒரு நிமிடம் நீவிவிடுவார். அதற்கு அடுத்து வரும் முதல் 10 மில்லி சிறுநீரே இரண்டாவது மாதிரி. முதல் குப்பியில் ஈஸ்ட் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் இருந்தாலோ, இரண்டாவதில் பல மடங்கு கூடுதலாக இருந்தாலோ, அது புரோஸ்டேட்டிலிருந்து வந்திருப்பதற்கான வலுவான சான்றாகும். காய்ச்சலும் குளிர் நடுக்கமுமாக இருக்கும் கடும் அழற்சியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. நீவுவதால் கிருமிகள் ரத்தத்தில் கலந்து நிலைமை மோசமாகலாம்.

இந்தச் சோதனையிலும் எதுவும் இல்லை என்றால், ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு இடுப்புத் தசைகளுக்கான இயன்முறை சிகிச்சையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 72. பக்கவாதத்தால் மருத்துவமனையில் இருந்தபோது பொருத்திய சிறுநீர்க் குழாய் 5 வாரமாக இருக்கிறது. யூரின் கல்ச்சரில் 'கேண்டிடா அல்பிகன்ஸ், ஒரு லட்சத்துக்கு மேல்' என்று வந்திருக்கிறது. அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. மருந்து தேவையில்லை, குழாயை மட்டும் மாற்றுவோம் என்கிறார் மருத்துவர். இப்படி விட்டால் பூஞ்சை புரோஸ்டேட்டுக்குப் பரவிவிடாதா?
— மகள், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வது சரி. குழாய் வாரக்கணக்கில் உள்ளே இருந்தால் அதன் உட்சுவரில் கேண்டிடா படலமாகப் படிந்துவிடும். ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சம் என்ற எண்ணிக்கை பாக்டீரியா விஷயத்தில் பொருளுள்ளது. குழாய் பொருத்தியவரின் சிறுநீரில் உள்ள கேண்டிடா வெறும் படிவா, உண்மையான தொற்றா என்பதை அந்த எண் பிரித்துக் காட்டாது. முடிந்தால் குழாயை எடுத்துவிடுவதும், முடியாவிட்டால் புதியது மாற்றி அதிலிருந்து மீண்டும் சிறுநீர் எடுத்துப் பார்ப்பதுமே முதல் படி. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்குப் பூஞ்சை மருந்து தர வேண்டிய சூழல்கள் சிலவே: வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருப்பது, சிறுநீர்ப் பாதையில் அறுவையோ உள்நோக்கிக் கருவிச் சிகிச்சையோ செய்யவிருப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. குழாயை எடுத்த பிறகு சிறுநீர் மீண்டும் அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலம் கழிக்கும்போது உள்ளே குத்தும் வலி இருந்தாலோ, புரோஸ்டேட்டில் சீழ்க்கட்டி உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் சிலர் வலியைச் சொல்ல முடியாமல் இருக்கலாம் என்பதால், காரணமற்ற காய்ச்சலே ஒரே அறிகுறியாக இருக்கவும் கூடும். ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்டிலோ சி.டி. ஸ்கேனிலோ கட்டி தெரிந்தால், அதை ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பரிசோதிக்காமல் மருந்தை ஊகித்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சீழைப் பாக்டீரியா, காசநோய், பூஞ்சை மூன்றுக்குமாகப் பிரித்து அனுப்ப வேண்டும். சர்க்கரை நோயாளியின் புரோஸ்டேட் சீழ்க்கட்டிக்கு மெலியாய்டோசிஸ் என்னும் மண்ணில் வாழும் பாக்டீரியாத் தொற்றும் காரணமாகலாம்; அது தென்னிந்தியாவிலும் உண்டு என்பதால் ஆய்வகத்துக்கு அதையும் சொல்லி வைப்பது நல்லது.

கேண்டிடா என்று தெரிந்த பிறகும் அது எந்த இனம் என்று தெரிய வேண்டும். ரத்த நீரில் கலந்து உடல் வெப்பத்தில் வைத்தால் அல்பிகன்ஸ் இனம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முளை விடும். நுண்ணோக்கியின் கீழ் அந்த முளை சிறு வாலைப் போலத் தெரியும். பெரிய ஆய்வகங்களில் மால்டி என்னும் கருவி சில நிமிடங்களில் இனத்தைச் சொல்லிவிடுகிறது. புளுகோனசோல் சிறுநீரிலும் புரோஸ்டேட்டிலும் நன்றாக இறங்கும் பூஞ்சை மருந்து. ஆனால் குரூசி இனம் அதற்குக் கட்டுப்படாது, கிளாபிரேட்டா பல நேரங்களில் கட்டுப்படாது, ஆரிஸ் பெரும்பாலும் கட்டுப்படாது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதிகம் பயன்படும் காஸ்போபஞ்சின் வகை ஊசிகளோ சிறுநீரில் போதிய அளவு வருவதில்லை. ரத்தத்தில் இருக்கும் கேண்டிடாவுக்குச் சிறந்த மருந்து, சிறுநீர்ப் பாதையில் இருக்கும் அதே கேண்டிடாவுக்குப் போதாமல் போவது இதனால்தான்.

கேள்வி: அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் மகன் வீட்டில் சென்ற ஆண்டு 6 மாதம் தங்கிவிட்டு வந்தேன். அங்கே இருந்தபோது ஒரு மாதம் விடாத இருமலும் அசதியும் இருந்து தானாகச் சரியாயின. இப்போது வயது 66. பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு) 9-க்கு மேல் போனதால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள். பயாப்சியில் புற்றுநோய் இல்லை, கிரானுலோமா அழற்சி என்று வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?
— வாசகர், சென்னை

பதில்: புற்றுநோய் இல்லை என்ற அளவில் நிம்மதி அடையலாம். ஆனால் கிரானுலோமா என்பது ஒரு நோயின் பெயரன்று. உடலால் எளிதில் அழிக்க முடியாத ஒன்றை எதிர்ப்பணுக்கள் சூழ்ந்துகொண்டு உண்டாக்கும் சிறு திரளையே அப்படி அழைக்கிறோம். அது விரலுக்குக் கல்லைப் போலக் கெட்டியாகத் தட்டுப்படும், பி.எஸ்.ஏ.யை உயர்த்தும், எம்.ஆர்.ஐ.யில் புற்றுநோயைப் போலவே காட்சி தரும். பெரும்பாலான கிரானுலோமா அழற்சிகளுக்குக் கிருமி எதுவும் காரணமாக இருப்பதில்லை. அவை சில மாதங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. எஞ்சியவற்றுள் காசநோயும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகப் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பு மருந்தை உள்ளே செலுத்திக்கொண்டவர்களுக்கு வரும் அழற்சியும் முன்னிற்கின்றன. பூஞ்சை இந்தப் பட்டியலின் கடைசியில் இருப்பது வழக்கம். உங்கள் பயண விவரம் அதை மேலே கொண்டுவருகிறது.

அரிசோனாவின் வறண்ட மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை வாழ்கிறது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கிலும் அது இருப்பதால், அது உண்டாக்கும் நோயைப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று அங்கே அழைக்கிறார்கள். காற்றில் பறக்கும் புழுதியோடு அதன் விதைத்துகள் நுரையீரலுக்குள் போய், ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் இருமல், காய்ச்சல், பல வாரம் நீடிக்கும் அசதி ஆகியவற்றை உண்டாக்கும். பெரும்பாலோருக்கு மருந்தில்லாமலே சரியாகிவிடும். நூற்றில் ஒருவர் அளவில் மிகச் சிலருக்கு மட்டும் அது ரத்தத்தின் வழியே தோல், எலும்பு, மூளை உறை போன்ற இடங்களுக்குப் போகிறது. புரோஸ்டேட்டும் அவற்றுள் ஒன்று. புற்றுநோய் என்று நினைத்து எடுத்த புரோஸ்டேட் திசுவில் தற்செயலாக இது கண்டுபிடிக்கப்பட்டதாகவே மருத்துவ இதழ்களில் பல செய்திகள் வந்துள்ளன. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. தேடாமல் விடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

நல்லவேளையாக, தேடுவதற்கு நீங்கள் இன்னொரு பயாப்சி செய்துகொள்ள வேண்டியதில்லை. உங்களிடமிருந்து எடுத்த திசுத் துணுக்குகளை மெழுகில் பதித்து, கட்டிகளாக ஆய்வகத்தில் பாதுகாத்து வைத்திருப்பார்கள். அவற்றிலிருந்து புதிய சீவல்களை வெட்டி, பூஞ்சையைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயமும் வெள்ளிச் சாயமும் ஏற்றிப் பார்க்குமாறு உங்கள் யூராலஜி மருத்துவர் கேட்கலாம். வேறு ஊரில் நிபுணர் கருத்துப் பெற விரும்பினால் மெழுகுக் கட்டிகளைக் கேட்டு வாங்கிச் செல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. வழக்கமான சாயத்தில் கண்ணுக்குத் தப்பும் பூஞ்சைகள் வெள்ளிச் சாயத்தில் கரிய நிறத்தில் துலங்கும். காக்சிடியாய்டிஸ் என்றால் தடித்த சுவருடைய பெரிய உருண்டைக்குள் சிறு உருண்டைகள் நிறைந்திருக்கும். பிளாஸ்டோமைசிஸ் என்றால் தாய்ச் செல்லும் மொட்டும் அகலமான அடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி, ஒகையோ ஆற்றுப் பகுதிகளிலும் பெரும் ஏரிகளைச் சுற்றியும் இருக்கும் இந்தப் பூஞ்சைக்குப் புரோஸ்டேட் மீது தனி நாட்டம் உண்டு. ஹிஸ்டோபிளாஸ்மா 2 முதல் 4 மைக்ரான் அளவே உள்ள நுண்ணிய ஈஸ்ட்டாக எதிர்ப்பணுவுக்குள்ளேயே கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அது இந்தியாவில் கங்கைச் சமவெளியில் அதிகம் காணப்படுகிறது. உருவத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடக் கூடிய இந்த வசதி பாக்டீரியாவில் கிடையாது.

அத்துடன் காக்சிடியாய்டிஸுக்கு எதிரான ஆன்டிபாடியை ரத்தத்தில் தேட வேண்டும். மார்பு எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். திசுவில் காசநோய்க்கான சாயத்தையும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையையும் விட்டுவிடக் கூடாது. ஒருவேளை மீண்டும் பயாப்சி எடுக்க நேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள். வழக்கமாக எடுக்கும் 12 துணுக்குகளையும் ஃபார்மலின் குப்பியில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலினில் விழுந்த திசுவில் எந்தக் கிருமியையும் வளர்க்க முடியாது. ஒன்றிரண்டு துணுக்குகளையாவது கிருமி நீக்கிய உப்பு நீரில் தனியாகப் போட்டு நுண்ணுயிரியல் பிரிவுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். பயாப்சி அறையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால், கல்ச்சர் என்ற வழியே அடைபட்டுவிடும்; இதை முன்கூட்டியே பேசி வைக்காமல் இழந்தவர்கள் ஏராளம்.

அப்படி அனுப்பும்போது அரிசோனா பயணத்தைச் சீட்டில் எழுதுவது உங்களுக்காக மட்டும் அல்ல. காக்சிடியாய்டிஸ் தட்டில் வளர்ந்த பிறகு அதன் மூடியைத் திறந்தாலே விதைத்துகள்கள் காற்றில் பறந்து ஆய்வக ஊழியரைத் தாக்கக்கூடியவை. மூன்றாம் நிலை உயிர்ப் பாதுகாப்புள்ள ஆய்வகத்தில்தான் அதைக் கையாள வேண்டும். இன்னொன்று: ஆசனவாய் வழியாக ஊசி போட்டு எடுத்த துணுக்கில் கேண்டிடா வளர்ந்தால் அது குடலிலிருந்து ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். திசுவுக்குள்ளேயே அது ஊடுருவியிருப்பதை நோய்க்கூறியல் மருத்துவர் கண்ணால் பார்த்தால்தான் நோய் என்று ஏற்க முடியும்.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. உண்டு. கிரிப்டோகாக்கஸ் மூளை உறை அழற்சிக்குச் சிகிச்சை பெற்று முதுகுத் தண்டு நீரில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் புளுகோனசோல் தொடர வேண்டும், கிருமி புரோஸ்டேட்டில் ஒளிந்திருக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், மதுரை

பதில்: உண்மை. எச்.ஐ.வி.க்கு இன்றைய கூட்டு மருந்துகள் வராத காலத்தில், மூளை உறை அழற்சி குணமான பிறகும் பலருக்கு நோய் திரும்பி வந்துகொண்டே இருந்தது. 1989-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதுகுத் தண்டு நீர் சுத்தமாகிவிட்ட நோயாளிகள் சிலருக்குப் புரோஸ்டேட்டை நீவிய பின் எடுத்த சிறுநீரில் அதே கிரிப்டோகாக்கஸ் வளர்ந்தது. இவர்களுக்குப் புரோஸ்டேட்டில் வலியோ சிறுநீர்த் தொந்தரவோ இல்லாமலும் இருக்கலாம். ஆகவே, மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். பராமரிப்பு அளவான தினம் 200 மில்லிகிராமைக் குறைந்தது ஓராண்டு எடுத்து, எச்.ஐ.வி. வைரஸ் அளவு அடங்கி, சிடி4 என்னும் எதிர்ப்பணுக்களின் எண்ணிக்கை 100-க்கு மேல் நிலைத்த பிறகே நிறுத்துவதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார்.

கிரிப்டோகாக்கஸ் தன்னைச் சுற்றி வழவழப்பான தடித்த உறையை வைத்துக்கொள்ளும் ஈஸ்ட். ஒரு சொட்டு மாதிரியோடு இந்தியா மை என்னும் கறுப்பு மையைக் கலந்து பார்த்தால், கறுப்புப் பின்னணியில் ஈஸ்ட்டைச் சுற்றி மட்டும் வெளிச்ச வளையம் தெரியும். திசுச் சீவலில் மியூசிகார்மைன் சாயம் அந்த உறையைச் சிவப்பாக்கும். ரத்தத்தில் கலந்த அந்த உறைப்பொருளை (ஆன்டிஜன்) காட்டும் பட்டைச் சோதனை நோயைக் கண்டுபிடிக்க மிக நல்லது. ஆனால் குணமான பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும் என்பதால் அதை வைத்துச் சிகிச்சையின் போக்கை அளக்கக் கூடாது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. எச்.ஐ.வி. பரிசோதனையே செய்துகொள்ளாத ஒருவரின் புரோஸ்டேட் திசுவில் கிரிப்டோகாக்கஸ் தென்பட்டால், எச்.ஐ.வி. பரிசோதனையும், தலைவலி இல்லாவிட்டாலும் முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனையும் கட்டாயம் செய்ய வேண்டும்.

கேள்வி: சர்க்கரைக்காக டாபாகிளிபுளோசின் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆணுறுப்பு நுனியில் அரிப்பும் வெள்ளைப் படிவும் இருக்கின்றன. பூஞ்சை புரோஸ்டேட்டுக்குப் போயிருக்குமா?
— வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. அந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் வெளித்தோலில் கேண்டிடா வளர்வது பலருக்கும் நேர்வது. பூசும் மருந்தும் தண்ணீரால் கழுவி உலர வைத்தலும் போதும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தவிர்த்து, அடிக்கடி வந்தால் மாத்திரையை மாற்றுவது குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பீட்டா-டி-குளுக்கன் என்ற ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் பூஞ்சையும் தெரிந்துவிடும் என்று ஒரு தனியார் ஆய்வகத்தில் சொன்னார்கள். அதைச் செய்யலாமா, அல்லது நேரடியாகப் புளுகோனசோல் வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டும் வேண்டாம். பீட்டா-டி-குளுக்கன் சில பூஞ்சைகளின் செல் சுவரில் இருக்கும் பொருள். கேண்டிடா, ஆஸ்பர்ஜிலஸ் போன்றவை ரத்தத்திலோ உள்ளுறுப்புகளிலோ பெருமளவு பரவியிருந்தால் அது ரத்தத்தில் உயரும். கிரிப்டோகாக்கஸிலும் கறுப்புப் பூஞ்சை என்று நாம் 2021-ல் கேள்விப்பட்ட மியூகரிலும் அது உயர்வதில்லை. புரோஸ்டேட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் சிறு தொற்றிலும் அது இயல்பாகவே இருக்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் சில ஊசி மருந்துகள் பெறுபவர்களுக்கும் நோயே இல்லாமல் உயர்ந்தும் காட்டும். விலை அதிகமான இந்தப் பரிசோதனை தீவிர சிகிச்சைப் பிரிவில் பயன்படுவதற்கு உரியது; உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

புளுகோனசோலை ஊகித்துச் சாப்பிட்டால், பிறகு எடுக்கும் கல்ச்சரில் பூஞ்சை வளராமல் போகும். எந்த இனம், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது கடைசி வரை தெரியாது. புரோஸ்டேட் பூஞ்சைக்குச் சிகிச்சை வாரக்கணக்கில், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் தேவைப்படும் என்பதால் ஓரிரு மாத்திரைகளில் குணம் தெரிந்தால் அது நோய்க்கணிப்புக்கு உதவாது. மேலும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையுடன் இதைச் சேர்த்தால் சர்க்கரை அளவு திடீரென்று தாழ்ந்துவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தக் கசிவு வரலாம். நீங்கள் என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. அந்தச் சீட்டோடும், இதுவரை எடுத்த கல்ச்சர் அறிக்கைகளோடும் ஒரு யூராலஜி மருத்துவரைப் பாருங்கள்.